என் பெயரில் ஒரு வியாபாரம்

நவம்பர் 9, ஞாயிறு

என் அக்காள் கணவர் பாஸ்கரன் என் பெயரைத் திருடி அறுபத்தொரு லட்சம் ரூபாய்க்குப் பங்கு விற்றிருக்கிறார்.

இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. வருமான வரித்துறை அனுப்பிய மின்னஞ்சலை இன்றுதான் பார்த்தேன். போன நிதியாண்டில் என் பான் எண்ணில் இவ்வளவு தொகைக்குப் பங்குகள் விற்கப்பட்டுள்ளன, வரிக் கணக்கு இன்னும் வரவில்லை, டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்யலாம் என்று மரியாதையாகவே எழுதியிருக்கிறார்கள். நான் நாலு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். துவாஸ் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். பங்குச் சந்தையின் வாசலைக்கூட மிதித்ததில்லை. எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

எப்படி நடந்திருக்கும் என்பது தெரியும். எங்கள் அறையில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரின் இந்திய சிம்மும் ஊரில்தான் இருக்கிறது. விமானம் ஏறும்போது எல்லோரும் செய்வது இது. சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு வீட்டில் கொடுத்துவிட்டு வருவோம். வங்கியிலிருந்து ஓடிபி வந்தால் வீட்டில் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறை முழுக்க இதே சத்தம்தான். "வந்துச்சா? பாத்து சொல்லு. மொதல்ல நாலா ஏழா?" உழைக்கிறவன் இங்கே, அவனுடைய சாவி அங்கே. என் போன் அம்மாவிடம் இருந்தது. இரண்டு வருடம் முன்பு அம்மா இறந்தபின் பட்டுக்கோட்டையில் அக்கா கலைமதி வீட்டுக்குப் போனது, ஏடிஎம் அட்டையோடு. அக்கா வீட்டில் இருப்பது என்றால் பாஸ்கரனிடம் இருப்பது.

சாகுல் பாயிடம் மின்னஞ்சலைக் காட்டினேன். மேல்கட்டில்காரர், கூத்தாநல்லூர், கிரேன் ஓட்டுகிறார்.

"அறுபத்தொரு லட்சமா? ஏன்டா பரிதி, நேத்து ஒரு வெள்ளி டீக்கு நீ எங்கிட்ட கணக்குப் பாத்த."

"சிரிக்காதீங்க பாய்."

"சிரிக்கல. மொதலாளிக்கிட்ட எப்படிப் பேசணும்னு யோசிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜனவரியில் பாதுகாப்பு அதிகாரிக்கான டிப்ளமா வகுப்பு தொடங்குகிறது. கட்டணம் 5,800 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். படித்தால் அதிகாரி. படிக்காவிட்டால் அடுத்த முறை வேலை பாஸ் புதுப்பிக்க மாட்டார்கள், ஊருக்குப் போய்ப் பாஸ்கரனின் பேட்டரிக் கடையில் ஆசிட் ஊற்ற வேண்டியதுதான். ஊர்க் கணக்கில் என் சேமிப்பு ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கிட்ட இருக்கும், மீதியைக் கடன் வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது அதன் மேல் வரி உட்கார்ந்திருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

சாப்பாட்டு இடைவேளையில் பாஸ்கரனை அழைத்தேன். கடையில் இருந்தார்.

"மாமா, என் பேர்ல ஷேர் வாங்கி வித்தீங்களா?"

"என்ன மாப்ள, காலையிலயே? எனக்கு ஷேர்னா ஷேர் ஆட்டோதான் தெரியும்."

"வெளையாடாதீங்க. அறுபத்தொரு லட்சம். வரி ஆபீஸ்லேர்ந்து எழுதியிருக்காங்க. ஓடிபி வர்ற போன் உங்க வீட்லதான் இருக்கு."

கடையில் யாரிடமோ பில் போடச் சொல்லிவிட்டுத் திரும்பப் பேச்சுக்கு வந்தார்.

"அந்த பட்டன் போனா? அது உங்கக்கா தலகாணிக்கடியில கெடக்கும்" என்றார். பிறகு, "லட்சமாங்கற?"

"லட்சம்தான்."

"சரி மாப்ள. நீ வேலயப் பாரு. நான் கேட்டுக்கறேன்."

குரல் மெதுவாக, இனிமையாக இருந்தது. மாட்டிக்கொண்டவன் குரல் அப்படித்தான் இருக்கும்.

நவம்பர் 12, புதன்

மின்னல் எச்சரிக்கை மூன்று முறை. மூன்று முறையும் சாரத்திலிருந்து ஆட்களை இறக்கினேன். அக்கா போன் எடுக்கவில்லை, நேற்றும் எடுக்கவில்லை.

நவம்பர் 15, சனி

தெரியாத எண்ணிலிருந்து அக்கா. பல் மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கிறாளாம், அங்கே வேலை செய்யும் பெண்ணின் போனாம். வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"ஒன்னுமில்ல. பாத்ரூம்ல வழுக்கிட்டு. ஒரு பல்லு."

"போன வருஷமும் அங்கதான் விழுந்த. ரப்பர் பாய் வாங்கிப் போடுன்னு அப்பவே சொன்னேன்."

"போடறேன்." பிறகு, "மாமாட்ட ஏன்டா சொன்ன?"

"அவரு பண்ணா அவருட்டதானே கேக்கணும்?"

"அவரு பண்ணல."

"பின்ன யாரு பண்ணா?"

"டாக்டரு கூப்புடுறாங்க" என்று வைத்துவிட்டாள்.

காப்பாற்றுகிறாள். நம் பெண்களின் வியாதி இது. திருடியவன் சாப்பிட உட்கார்ந்தால் அவனுக்கும் இலை போடுவார்கள். எரிச்சலாக இருக்கிறது.

ரப்பர் பாயை இணையத்தில் நானே ஆர்டர் செய்துவிட்டேன். 640 ரூபாய். செவ்வாய்க்கிழமை போய்ச் சேரும்.

நவம்பர் 19, புதன்

பாஸ்போர்ட் நகல் அனுப்பியதும் பங்குத் தரகு நிறுவனத்திலிருந்து முழு விவரமும் வந்துவிட்டது. நாற்பத்தோரு பக்கம். மதியம் சாப்பிடாமல் கப்பலின் நிழலில் உட்கார்ந்து படித்தேன். விபத்து அறிக்கை எழுதுகிறவன் நான். நேரத்தையும் இடத்தையும் முதலில் பார்ப்பேன்.

எல்லா வியாபாரமும் காலை 9.40க்கும் 11.30க்கும் இடையில். பள்ளி விடுமுறை நாட்களில் ஒன்றுகூட இல்லை. பாஸ்கரன் ஒன்பதரைக்குக் கடையைத் திறந்தால் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவார்.

கணக்கு திறந்தது போன வருடம் ஆகஸ்ட் 24. என் வங்கிக் கணக்கில் ஆகஸ்ட் 27 அன்று 2,80,000 ரூபாய் ரொக்கமாகக் கட்டப்பட்டு அங்கிருந்து போயிருக்கிறது. விண்ணப்பத்தில் புகைப்படம் இருக்கிறது. அது நான்தான். பின்னால் அக்கா வீட்டு மாடிப்படியின் பச்சைக் கம்பி.

அம்மாவின் முதல் வருட நினைவு நாளுக்கு விடுப்பில் போயிருந்தேன். படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் வாங்கிவந்த கேமரா போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, "பேங்க்ல கேக்கறாங்க, கண்ணச் சிமிட்டு" என்று சொன்னார்கள். சிமிட்டினேன். வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். எச்சில் கையைத் துடைத்துவிட்டுப் போட்டேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஒரு நாளைக்கு இருபது பேரிடம் "படிக்காமல் கையெழுத்துப் போடாதே" என்று சொல்கிற வேலைக்கு எனக்குச் சம்பளம்.

'சொன்னார்கள்' என்று எழுதிவிட்டேன். போனைப் பிடித்தது அக்கா.

நவம்பர் 20, வியாழன்

ஊர் நேரம் பத்து மணிக்கு, பாஸ்கரன் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, அந்தப் பட்டன் போனுக்கே அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"படம் பாத்தேன்" என்றேன்.

"ம்."

"ஏன்க்கா?"

"இப்ப மார்க்கெட் நேரம். சுருக்கச் சொல்றேன், கேளு" என்றாள். இந்த அக்காவை நான் கேட்டதே இல்லை. குரலில் அவசரம் இருந்தது, பயம் இல்லை. அம்மா போட்ட ஆறு பவுன் சங்கிலியை விற்று இரண்டு லட்சத்து எண்பதாயிரம் போட்டாளாம். பாஸ்கரனிடம் சங்கிலி கூட்டுறவு வங்கியில் அடகில் இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தாளாம். மார்ச் வரைக்கும் லாபம் ஐந்து லட்சத்துப் பத்தாயிரம். அதற்குப் பிறகு சந்தை சரியில்லை, வாங்கி வைத்ததை விற்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

"ஒனக்கு இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தா?"

"ஒங்க மாமாதான்."

"அவருக்குத் தெரியுமா?"

"அவருக்கு என்னா தெரியும். ஈயம் வெல ஏறிப்போச்சு, பேட்டரி வெல ஏத்திட்டானுவன்னு ராத்திரி சாப்பாட்டுத் தட்டத் தள்ளுவாரு. காலையில நான் ஈயம் உருக்குற கம்பெனிய வாங்குவேன். உரம் கெடைக்கலன்னு வெவசாயிங்க கடையில பொலம்புறதயும் சொல்லுவாரு, உரக் கம்பெனிய வாங்குவேன். இந்தப் போனுலயே புரோக்கர் ஆபீசுக்குக் கூப்ட்டு வாங்கு, வித்துடுன்னு சொல்லணும், இதுல என்னா பெரிய படிப்பு. மூணு தடவதான் நட்டம்."

"ஒன் பேர்லயே பண்ண வேண்டியதுதானே?"

"என் பேர்ல இருக்கற போனு, பேங்க் புக்கு, கார்டு எல்லாம் யாருட்ட இருக்கு? வீட்ல அவரு தொடாத ஒரே சாமான் இந்தப் போனுதான். மச்சான் காசு அனுப்புற போனுன்னு ஒரு மரியாத. பத்தாந்தேதி வரைக்கும் இருந்துச்சு."

"வரிய யாரு கட்டுறது?"

"வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு வரி இல்லன்னாங்களேடா. அதான் ஒன் பேரு."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

உண்மை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் அறையில் பன்னிரண்டு பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

நவம்பர் 22, சனி

தஞ்சாவூர் ஆடிட்டர் செண்பகலட்சுமியிடம் அரை மணி நேரம் பேசினேன். மிரட்டாமல் பேசுகிறார்.

"நீங்க சிங்கப்பூர்ல வாங்குற சம்பளத்துக்கு இங்க வரி இல்ல. அதக் கேட்டுட்டு எல்லாரும் எதுக்குமே வரி இல்லன்னு நெனச்சுக்கறாங்க. இந்தியாவுல வித்த பங்குக்கு இந்தியாவுல வரி உண்டு. வாங்கி ஒரு வருஷத்துக்குள்ள வித்ததால இருபது சதவீதம்."

"வேற வருமானம் இல்லைங்க. மூணு லட்சம் வரைக்கும் வரி கிடையாதுன்னு..."

"அது இங்க குடியிருக்கறவங்களுக்கு. ஒங்கக்கா பேர்ல இதே லாபம் வந்திருந்தா மூணு லட்சம் கழிச்சு மிச்சத்துக்குத்தான் வரி. ஒங்களுக்கு இந்த லாபத்துல அந்தக் கழிவு கெடையாது. மொத ரூபாயிலேர்ந்து கட்டணும்."

வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரம். மாதாமாதம் நாட்டுக்கு வெள்ளி அனுப்புகிறவனுக்கு அந்த மூன்று லட்சம் கிடையாது. எங்கள் பணத்தால் நாடு நிமிர்கிறது என்று மேடையில் பேசுவார்கள். பேசட்டும்.

இன்னொன்றும் சொன்னார். வெளிநாடு போனதும் பழைய சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிப்போருக்கான கணக்காக மாற்றியிருக்க வேண்டுமாம். உள்ளூர்க்காரன் என்று சொல்லித் திறந்த பங்குக் கணக்கையும் அப்படியே வைத்திருக்கக் கூடாதாம். இருப்பதை விற்று மூடிவிடுங்கள், போன் எண்ணைச் சிங்கப்பூர் எண்ணாக மாற்றிவிடுங்கள் என்றார்.

நவம்பர் 26, புதன்

அக்கா முதல்முறையாகக் கெஞ்சினாள். "உரத்த மட்டும் விக்காத. தை மாசம் வரைக்கும் பொறு. நல்லா வரும்டா."

"சட்டப்படி முடியாதுக்கா. எல்லாத்தையும் வித்துடு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

11.10க்குள் விற்றுவிட்டாள். கடைசி ஓடிபியையும் அவளே போட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 6, சனி

கணக்கு மாற்றியாயிற்று. வங்கியிலிருந்து இனி எல்லாம் என் சிங்கப்பூர் எண்ணுக்கு வரும். பழைய ஏடிஎம் அட்டை செல்லாது. நாலு வருடத்தில் முதல்முறையாக, யாரையும் கேட்காமல் என் கணக்கை நானே திறந்து பார்த்தேன்.

9,36,000 ரூபாய்.

இதில் என் சேமிப்பு 1,40,000. வரி 1,30,000 போனால் அக்காவுக்குச் சேர வேண்டியது 6,66,000. வரி முழுக்கத் தன் பங்கில் போகட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். சட்டப்படி பார்த்தால் மொத்தமும் என்னுடையது. சும்மா எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

அக்கா மாடியிலிருந்து பக்கத்து வீட்டுப் போனில் பேசினாள். மாடிக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். தஞ்சாவூரில் ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீடு பார்த்திருக்கிறாளாம். மகளுக்கு அங்கேயே பள்ளி. ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கெழுத ஆள் கேட்கிறார்களாம்.

"மாமா சம்மதிச்சாரா?"

"நீ மடையனா, இல்ல மடையன் மாதிரி நடிக்கிறியாடா?" என்றாள்.



"வரியக் கட்டு. மிச்சத்த எனக்கு அனுப்பு. தஞ்சாவூர்ல என் பேர்ல புதுசா அக்கவுண்ட் தொறந்துட்டேன். நம்பர் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். அவசரப்பட்டு முடிவு செய்யாதே என்றேன். ரப்பர் பாய் போட்டாயா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

மாலையில் பாஸ்கரன் அழைத்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். செய்யாத குற்றத்தை அவர்மேல் போட்டது தப்புதானே.

"உடு மாப்ள, குடும்பத்துக்குள்ள இதெல்லாம் சகஜம். ஆனா ஒன்னு. அவ காசு கீசுன்னு ஏதாச்சும் கேட்டா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் குடு. பொம்பள கையில மொத்தமா காசு போனா வீடு ரெண்டாயிடும். நீ வெவரமானவன்."

சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

7ஆம் எண் தொட்டிக்குள் ஒருவன் வாயு அளவைப் பார்க்காமல் இறங்கினான். கயிற்றால் இழுத்து ஏற்றினோம். காயமில்லை. "முன்பே தெரிந்திருந்தும் தடுக்காதவர் யார்" என்ற விபத்து அறிக்கைக் கட்டத்தில் மேற்பார்வையாளர் பெயரை எழுதினேன். எழுதாதே என்றார்கள். எழுதிவிட்டேன். இந்த விஷயத்தில் நான் யாருக்கும் பயப்பட மாட்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

வரி கட்டியாயிற்று. கணக்குத் தாக்கலாகிவிட்டது. ஆடிட்டர் அம்மாவிடம் கேட்டேன், மீதியை அக்காவுக்கு அனுப்பினால் ஏதாவது சிக்கல் வருமா என்று.

"கூடப் பொறந்த அக்காவுக்குத்தானே? அன்பளிப்புன்னு ஒரு கடிதம் எழுதி அனுப்புங்க. ஒங்களுக்கும் வரி இல்ல, அவங்களுக்கும் இல்ல. அஞ்சு நிமிஷ வேலை."

"வேற ஏதாவது பின்னால..."

"ஒன்னும் வராது தம்பி. தாராளமா அனுப்புங்க."

அவருக்கு எங்கள் குடும்பம் தெரியாது.

டிசம்பர் 28, ஞாயிறு

டிப்ளமா நிறுவனத்திலிருந்து கடைசி நினைவூட்டல். ஜனவரி 5க்குள் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்கு. இங்கே கடன் கேட்டுப் பார்த்தேன். சாகுல் பாய் மகள் நிக்காஹ்வுக்கு அனுப்பிவிட்டார். மற்றவர்கள் என்னைவிட மோசம்.

ஜனவரி 5, திங்கள்

கட்டிவிட்டேன். 5,800 வெள்ளி, ரூபாயில் நாலு லட்சத்து ஆறாயிரம். என் காசு 1,40,000. அக்கா காசில் எடுத்தது 2,66,000. இது கடன். அதிகாரியானால் சம்பளம் உயரும், எட்டு மாதத்தில் திருப்பிவிடுவேன். வட்டியும் போட்டுக் கொடுப்பேன். தவிர, அந்தப் பெயரும் முகமும் பான் எண்ணும் என்னுடையவை. வரித்துறையின் கடிதம் வந்தது எனக்கு. மாட்டியிருந்தால் நான்தான் மாட்டியிருப்பேன். அதற்கு ஒரு மதிப்பு இல்லையா?

இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நேரில் சொல்ல வேண்டிய விஷயம்.

ஜனவரி 8, வியாழன்

கணக்கில் சரியாக நாலு லட்சம் இருக்கிறது. அதையாவது அனுப்பலாம்தான். பாதியை மட்டும் அனுப்பினால் மீதி எங்கே என்று கேட்பாள். பிரித்துப் பிரித்து அனுப்புவது குழப்பம். சேர்த்து அனுப்புவதே முறை.

சாகுல் பாய் பல் துலக்கிக்கொண்டே கேட்டார்.

"அக்காவுக்குக் குடுத்துட்டியா?"

"குடுக்கணும் பாய்."

"குடுக்கணுமான்னு நான் கேக்கல."

ஜனவரி 10, சனி

முதல் வகுப்பு. முப்பத்திரண்டு பேர். நான்தான் வயதில் இளையவன். பாடம்: அபாயத்தை அடையாளம் காண்பது. கேட்ட ஆறு கேள்விகளில் ஐந்துக்கு நான் பதில் சொன்னேன். ஆசிரியர் பெயரைக் குறித்துக்கொண்டார்.

அக்காவிடமிருந்து நாலு அழைப்பு. வகுப்பில் எடுக்க முடியாது.

ஜனவரி 12, திங்கள்

பாஸ்கரனிடமிருந்து ஒரு அழைப்பு. அதையும் எடுக்கவில்லை. இதில் நான் யார் பக்கமும் இல்லை.

ஜனவரி 13, செவ்வாய்

மழை. வேலை பாதி நாள்தான். தலைக்கவசங்களை எண்ணி வைத்தேன். இரண்டு குறைகிறது, தேட வேண்டும்.

பத்து மணிக்கு, வேறு யாருடைய போனிலிருந்தோ, அக்காவிடமிருந்து குரல் பதிவு. தஞ்சாவூர் பேருந்து நிலையச் சத்தம், நடுவில் அவள் மகள் பசிக்கிறது என்கிறாள். மூன்று முறை கேட்டேன். அப்படியே எழுதி வைக்கிறேன், சாயங்காலம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

"பரிதி, வந்துட்டேன். புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். கையில எண்ணூறு ரூவா இருக்கு. வீட்டுக்காரங்க அட்வான்ஸ் அம்பதாயிரம் நாளைக்குள்ள கேக்கறாங்க. நான் ஒன்ட்ட தானம் கேக்கல, கடன் கேக்கல. என் சங்கிலி, என் லாபம், ஒன் வரிய நான் கட்டுனது போக மிச்சம். ஆறு லட்சத்து அறுவத்தாறாயிரம். எந்த நாள்ல, எத்தன மணிக்கு அனுப்புவ? அத மட்டும் சொல்லு."